அலவாய்மலை அடிவாரத்தில் மூன்று ஏக்கர்

சேலத்திலிருந்து வெண்ணந்தூர் போக இரண்டு வழி உண்டு. நாமக்கல் நெடுஞ்சாலையில் மல்லூர் வரை வந்து மேற்கே பிரியலாம். இல்லையென்றால் கொண்டலாம்பட்டி தாண்டி, ஆட்டையாம்பட்டி வழியாக வரலாம். என் தங்கையின் கணவர் இரண்டாவது வழியில்தான் போக வேண்டும் என்றார். அதுவும் காலை நேர நெரிசலில், பஸ்ஸில். சேலத்தில் வேலை கிடைத்தால் அன்றாடம் அவர் போய்வர வேண்டிய சாலை அது. எங்கே பஸ் நின்று நின்று நகர்கிறது, கடைசி வண்டி எத்தனை மணிக்கு, மழை பெய்தால் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும் என்று நடத்துநரிடமும் பக்கத்து இருக்கைக்காரரிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். ஆட்டையாம்பட்டியில் கை முறுக்குக் கடைகள் வரிசையாக வந்தபோதுகூட அவர் பார்வை கைக்கடிகாரத்தில்தான் இருந்தது.

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரப் பராமரிப்பு வேலை அவருக்கு. அவருடைய அம்மா பிறந்த ஊர் வெண்ணந்தூர் பக்கம். அந்த உறவில் விலைக்கு வந்த மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டை, அலவாய்மலை பார்வையில் இருக்கிறது என்பதற்காகவே வாங்கிவிட்டார். கிணறு இல்லை, மின்சாரம் இல்லை, கொட்டகைகூட இல்லை. அடுத்த ஆண்டே குடும்பத்தோடு அங்கே வந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. "முதல்ல வேலை, அப்புறம் வீடு" என்று என் தங்கை ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாள். வேலை தேடிப் பார்க்கத்தான் இந்தப் பயணம். நான் துணைக்குப் போனேன்.

பஸ் போகும் வழிக்கு அக்கம்பக்கமாகவே திருமணிமுத்தாறு வருகிறது. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் நுழைந்து, சாக்கடையையும் சாயக் கழிவையும் வாங்கிக்கொண்டு, இந்தச் சமவெளியைக் கடந்து நன்செய் இடையாற்றில் காவிரியோடு கலக்கிற ஆறு. ஆற்றோர நிலம் என்றால் வேறு ஊர்களில் கிராக்கி. இங்கே நிலம் பார்க்க வருகிறவர் ஆறு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று விசாரித்து, பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் காடு ஆற்றிலிருந்து நன்றாகவே விலகி, மலைப்பக்கம் இருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு சரி.

வெண்ணந்தூரில் இறங்கினால் முதலில் காதில் விழுவது தறிச் சத்தம். பேரூராட்சித் தெருக்களில் நடக்கும்போது ஒரு வீட்டுச் சத்தம் ஓய்வதற்குள் அடுத்த வீட்டுச் சத்தம் தொடங்கிவிடுகிறது. 1997 வரை இது சேலம் மாவட்டத்தில் இருந்த ஊர். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது ராசிபுரம் வட்டத்தோடு சேர்ந்து அந்தப் பக்கம் போனது. ஆனாலும் நூலுக்கும் துணிக்கும் மருத்துவத்துக்கும் ஊர் இன்னும் சேலத்தைத்தான் பார்க்கிறது.

காட்டுக்குப் போகும் தடத்தில் கொஞ்ச தூரம் இருசக்கர வண்டி போகும். அதற்கப்புறம் நடைதான். இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள். மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கரை முள்ளே மூடியிருந்தது. மீதியில் முன்பு நிலக்கடலை விதைத்திருந்த அடையாளமும், வடகிழக்கு மூலையில் தலைநீட்டிய பாறையும் தெரிந்தன. மலை அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்பத்தூரில் ஷிப்டு ஷிப்டாக இரைச்சலில் நின்ற மனிதர் அப்படி நிற்கும்போது, இந்த ஆசை நிறைவேற வேண்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து வந்தார். யார் வீட்டுப் பையன், அம்மா பெயர் என்ன என்று விசாரித்து உறவைக் கண்டுபிடித்தபின் கேள்விகள் வந்தன.

"தடம் பத்திரத்துல எழுதியிருக்குதா சாமி?"

எழுதியிருந்தது.

"தண்ணி பார்த்தாச்சா?"

இன்னும் இல்லை.

"சரி, அது வர்ற வரைக்கும் சோத்துக்கு?"

"அதுக்குத்தான் வேலை பார்க்க வந்திருக்கோம்ங்க பாட்டி" என்றார் மாப்பிள்ளை. பாட்டிக்கு அது பிடித்திருந்தது. "அப்படித்தான் செய்யோணும். எங்க வூட்டுக்காரரு தறி ஓட்டித்தான் இந்தக் கிணத்தை வெட்டினாரு" என்று தன் காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு, "பொண்ணு என்ன படிச்சிருக்குது?" என்று கேட்டார். வேதியியல் முதுகலை, பி.எட். என்று சொன்னேன். "அப்ப அதுக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டை முடுக்கிக்கொண்டு போனார்.

அந்தப் பாட்டி கேட்ட வரிசைதான் சரியான வரிசை. வெறும் காட்டைக் குடியிருக்கும் இடமாக மாற்றுவதற்கு ஆகும் செலவை எழுதிப் பார்த்தால், மாதச் சம்பளம் ஏன் முதலில் வேண்டும் என்பது விளங்கும். இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு என்றால் ஆயிரம் அடி என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். பாறை இடுக்கில் தண்ணீர் விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடிக்கு இவ்வளவு என்று கொடுத்த பணம் போனதுதான். தண்ணீர் கிடைத்தால் மோட்டாருக்கு மின் இணைப்பு. விவசாயத்துக்கு இலவச மின்சாரம் உண்டு என்றாலும் பதிவு செய்துவிட்டு முறை வரும்வரை வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையைத் தாண்டித் தட்கலில் வாங்கினால் 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு இரண்டரை லட்சம் ரூபாய், 7.5-க்கு 2.75 லட்சம், 10-க்கு 3 லட்சம் என்று கட்டணம். அந்த இணைப்பில் வீட்டு விளக்கு எரிக்கக் கூடாது. வீட்டுக்குத் தனி இணைப்பு, அதற்குக் கம்பம் நடும் செலவு தனி. சொட்டுநீர்க் குழாய்க்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் இருக்கிறது. ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவர் என்பதற்கு வட்டாட்சியர் சான்று வேண்டும். அதற்கு முன் பட்டா உங்கள் பெயருக்கு மாறியிருக்க வேண்டும். ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லாம் முடிந்து முதல் பயிர் வைக்கவே இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். அதுவரை சேமிப்பை மட்டும் நம்பி உட்கார்ந்தால், தண்ணீர் வரும் நேரத்தில் கையில் காசு இருக்காது. அந்த நிலையில் காட்டை விற்றுவிட்டுத் திரும்பியவர்கள் பலர். திரும்பிப் போனவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லாம் சுலபமாகத் தெரிகிறது.

சரி, பயிர் வைத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இங்கே மேட்டுக்காட்டுக்குக் கைகண்ட பயிர் மரவள்ளி. ஊர்ச்சொல்லில் குச்சிக்கிழங்கு. நட்டு எட்டிலிருந்து பத்து மாதம் கழித்துப் பிடுங்கினால் சேகோ ஆலை வாங்கிக்கொள்ளும். கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பார்த்து விலை போடுவார்கள். விலை ஏறும் ஆண்டில் எல்லோரும் நடுகிறார்கள், அடுத்த ஆண்டு விலை இறங்குகிறது. பூச்சியும் வரும். 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி, சேலம் நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கும் வந்து நுனிக்குருத்தைச் சுருட்டிப் போட்டது. தென்னமெரிக்காவிலிருந்து கிளம்பி எழுபதுகளில் ஆப்பிரிக்காவைப் பட்டினியின் விளிம்புக்குக் கொண்டுபோன அதே பூச்சி. அங்கே அதை அடக்கியது மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அதற்காகப் பாடுபட்ட சுவிஸ் விஞ்ஞானி ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியையே பெனின் நாட்டிலிருந்து தருவித்துப் பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தின் வழியாக இங்கே பறக்கவிட்டார்கள். அறிவியல் கைகொடுத்தது, நல்லது. ஆனால் பூச்சி வந்ததற்கும் குளவி வந்ததற்கும் இடையில் இரண்டு ஆண்டு. அந்த இரண்டு ஆண்டும் குச்சிக்கிழங்கை மட்டும் நம்பியிருந்த வீட்டில் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வந்திருக்கும்?

மதியம் ஊருக்குள் திரும்பி, மாப்பிள்ளையின் தாய்மாமன் முறை உள்ள ஒருவரின் தறிப்பட்டறைக்குப் போனோம். வாசலில் மாடு கட்டியிருந்தது. உள்ளே நான்கு விசைத்தறி. ஒன்றை நிறுத்தி, பாவு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். நாடா அடிக்கும் சத்தத்தில் பேச முடியாது. எனவே திண்ணையில் உட்கார்ந்தோம். அவருக்கும் ஒன்றரை ஏக்கர் காடு உண்டு.

"தறி வாரக் கூலிங்க. சனிக்கிழமை ஆனா காசு. காடு வருசக் கூலி, அதுவும் வந்தாத்தான் வந்துச்சுன்னு" என்றார். இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த விசைத்தறி இலவச மின்சாரம் 2023-இல் ஆயிரம் யூனிட் ஆனது தன்னைப் போன்றவர்களுக்கு எவ்வளவு தாங்கலாக இருக்கிறது என்றும், நூல் விலை ஏறினால் அந்தத் தாங்கலும் போதாமல் போகிறது என்றும் விவரமாகச் சொன்னார். தறியில் வேலை தர முடியுமா என்று மாப்பிள்ளை கேட்டார். "வேலை இருக்குதுங்க மாப்ளே. ஆனா உங்களுக்கு அந்தக் கூலி கட்டாது. நீங்க மெசினைப் பிரிச்சுப் பூட்டுற ஆளு. அதுக்குத் தகுந்ததைப் பாருங்க" என்றார். தன்னிடம் வேலைக்கு ஆள் தேவைப்படும்போதும் இப்படிச் சொல்ல நல்ல மனது வேண்டும்.

அந்தத் திண்ணையில் எனக்கு ஒன்று தெளிவானது. இந்தச் சமவெளியில் காடு மட்டும் வைத்துப் பிழைத்த குடும்பங்கள் எப்போதும் குறைவு. மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதை 1876–78 பஞ்சம் சேலம் மாவட்டத்துக்குக் கொடூரமாகக் காட்டியது. அந்தக் காலத்தில் இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் சேலம் மாவட்டத்தார் ஏராளம். பின்னால் தறி வந்தது, லாரி வந்தது, சேகோ வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்ப் போர் போடுகின்றன. அதில் போகும் பையன்கள் அனுப்பும் பணத்தில்தான் அவர்கள் அப்பாக்கள் ஊரில் போர் போடுகிறார்கள். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர் வீட்டில் கோழிப்பண்ணை இருக்கும், கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் ஒருவர் வாத்தியாராக இருப்பார். வெளியே சம்பாதித்துக் காட்டில் போடுவதுதான் இங்கே தலைமுறை தலைமுறையாக வழக்கம். நகரத்திலிருந்து வருகிறவர்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார், வேலையை விட்டால்தான் விவசாயி என்று. என் மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைத்திருந்தார். பிறந்து வளர்ந்தவர்களே செய்யாத துணிச்சலை வந்து சேர்கிறவர் ஏன் செய்ய வேண்டும்?

அடுத்து ராசிபுரம் சாலையில் ஒரு சேகோ ஆலை. களத்தில் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் மாட்டுத் தீவனத்துக்குப் போகும் திப்பி, புளித்த வாடையோடு குவிந்திருந்தது. இந்தத் தொழில் சேலத்தில் 1943 வாக்கில் தொடங்கியது. போர்க்காலத்தில் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் அதைச் செய்து பார்த்தார்கள். 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. ஆலை மேலாளர் மாப்பிள்ளையின் அனுபவத்தைக் கேட்டதும் உள்ளே அழைத்துப்போய்ப் பாய்லரையும் அரவை இயந்திரத்தையும் காட்டினார். வேலை தரத் தயார். ஆனால் கிழங்கு வரும் பருவத்தில் இரவு பகல் ஓட்டம், மற்ற மாதங்களில் ஆலை அடங்கிவிடும். மழைக்கு நம் காட்டிலும் அப்போதுதான் வேலை இருக்கும் என்று மாப்பிள்ளை தயங்கினார். தயங்கியது நியாயம்.

ராசிபுரம் வெண்ணந்தூரிலிருந்து கூப்பிடு தூரம்தான். பஞ்சு, மஞ்சள், பட்டுக்கூடு, நெய் என்று வணிகம் பழகிய ஊர். நூற்பாலைகள் இருக்கின்றன, தீவன ஆலைகள் இருக்கின்றன. நெடுஞ்சாலையை ஒட்டிப் பாச்சல் வரை கல்லூரிக் கட்டடங்கள் தொடர்கின்றன. ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். அம்பத்தூர்ச் சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. ஷிப்டு மாறி மாறி வரும். இப்போது பார்ப்பவர் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் இருக்கிறது, அதன்பிறகு வரலாம் என்றார்கள். மாப்பிள்ளையின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிச்சி தெரிந்தது. அந்தச் சம்பளத்தில் சென்னையில் வாடகைக்கே திண்டாட வேண்டும். ராசிபுரத்தில் சிறிய வீட்டு வாடகை போக அரிசி, பருப்பு, பள்ளிக்கூடம் என்று ஓட்டிவிடலாம். காட்டுக்கு மட்டும் எதுவும் மிஞ்சாது.

காட்டுக்கு மிஞ்ச வேண்டுமானால் வீட்டில் இரண்டு சம்பளம் வேண்டும். பாட்டியின் பேச்சு நினைவுக்கு வந்தது. நாமக்கல் மாவட்டம் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பெயர்போன மாவட்டம். தமிழ்நாட்டின் எங்கெங்கிருந்தோ பிள்ளைகளை விடுதியில் கொண்டுவந்து சேர்க்கும் தனியார் பள்ளிகள் ராசிபுரம், நாமக்கல் சாலைகளில் நிறைய. அந்தப் பிள்ளைகள் விடுதியில் இரவு பத்து மணி வரை படிப்பதைப் பற்றி எனக்கு வருத்தம் உண்டு, அதை இன்னொரு கட்டுரையில்தான் எழுத வேண்டும். ஆனால் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிற ஆசிரியருக்கு இங்கே வேலை இல்லாமல் போகாது. ஒரு பள்ளி அலுவலகத்தில் விசாரித்தபோது, சான்றிதழ்களோடு ஆசிரியரையே நேரில் வரச் சொன்னார்கள். தங்கைக்குப் போன் போட்டோம். "எனக்கு வேலை பார்க்கச் சொல்லி உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். ஆடு மேய்க்கும் பாட்டி சொன்னார் என்றேன். "நல்ல பாட்டி" என்றாள்.

சேலத்தையும் விட்டுவிடவில்லை. 2024 செப்டம்பரில் கருப்பூரில் திறந்த மினி டைடல் பூங்காவைப் பற்றி மாப்பிள்ளையின் தம்பி ஆர்வமாகச் சொல்லியிருந்தான். அவன் மென்பொருள் துறை. தென்காசி மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ அலுவலகம் திறந்து, கிராமத்துக்கே வேலையைக் கொண்டுபோனது போல இந்தப் பக்கமும் வந்தால் அண்ணன் காட்டுக்குப் பக்கத்தில் தானும் ஒரு ஏக்கர் வாங்குவேன் என்கிறான். வந்தால் நல்லதுதான். ஆனால் கருப்பூர் சேலத்துக்கு அந்தப் புறம். வெண்ணந்தூரிலிருந்து நகரத்தைக் குறுக்கே கடந்து போய்வர வேண்டும். மேலும் அந்த வேலை பழுதுபார்க்கத் தெரிந்த கைக்கு உரியதல்ல. காட்டுக்கு வர நினைக்கிற எல்லோருக்கும் மடிக்கணினி வேலை இருக்கும் என்று எடுத்துக்கொள்ளும் பேச்சில் எனக்கு ஒப்புதல் இல்லை. அம்பத்தூரிலும் கோவையிலும் ஓசூரிலும் இயந்திரத்தோடு நிற்பவர்களுக்கும் ஊர் திரும்பும் ஆசை இருக்கிறது, அவர்கள்தான் அதிகம்.

மாலையில் வடுகம் வரை போனோம். அங்கிருந்து போதமலைக்கு வழி ஏறுகிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மலைமேல் மூன்று ஊர். மூன்றும் வெண்ணந்தூர் ஒன்றியத்தில்தான் இருக்கின்றன. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சாலை இல்லை. தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலைச்சுமையாக ஏற்றினார்கள். நோயாளிகளைத் தூளி கட்டி இறக்கினார்கள். சுமார் 140 கோடி ரூபாய் மதிப்பில் மலைச்சாலைக்கு ஒப்புதல் கிடைத்து, வேலை தொடங்கியது அண்மையில்தான். அடிவாரத்தில் நின்ற மலையூர்க்காரர் ஒருவர், மேலே தன் குடும்பத்துக்குக் காடு இருக்கிறது என்றும், தான் கீழே கட்டட வேலைக்கு வந்து வாரம் ஒருமுறை ஏறிப்போவதாகவும் சொன்னார். மகள் கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாளாம். "ரோடு வந்துட்டா தினமும் வீட்டுக்கே போயிருவேன்ங்க. வேலையை விடமாட்டேன்" என்றார். நிலம், காற்று, அமைதி என்று நகரத்தார் ஏங்குகிற எல்லாம் மேலே அவருக்கு இருக்கின்றன. அவர் கேட்பது வேலைக்குப் போய்வர ஒரு சாலை. மாப்பிள்ளை அவரிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். எந்தப் பயிர் மேலே வருகிறது, பன்றி வருமா, மழைத் தண்ணீரை எப்படித் தேக்குகிறார்கள் என்றெல்லாம்.

திரும்பும் வழியில், அத்தனூர் அம்மன் கோயிலுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டே திட்டத்தை மாற்றி எழுதினோம். ஜூனில் பள்ளி திறக்கும்போது தங்கைதான் முதலில் வருவாள், குழந்தைகளோடு. குடியிருப்பு ராசிபுரத்தில், வாடகைக்கு. நூற்பாலையில் இடம் காலியாகும்வரை மாப்பிள்ளை அம்பத்தூரிலேயே இருப்பார். லீவு கிடைக்கும் போதெல்லாம் வந்து முள்ளை வெட்டுவார். இந்த ஆண்டுக்குக் காட்டுக்கு ஆகும் செலவு மூன்றுதான்: பட்டா மாறுதல், சர்வேயரை வைத்து எல்லைக்கல், நீரோட்டம் பார்ப்பது. போர் அடுத்த ஆண்டு, இரண்டு சம்பளமும் வரத் தொடங்கிய பிறகு. வீடு அதற்கும் பிறகு.

"மச்சான், மழை சமயத்துல ஒரு போகம் சோளமாவது விதைச்சுடலாமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை. பக்கத்துக் காட்டுப் பாட்டியிடம் வாரத்துக்கு விட்டு விதைக்கலாம், தட்டு அவர் ஆட்டுக்கு ஆகும் என்றேன். மறுநாள் காலை பாட்டியிடம் கேட்டுவிட்டு, வட்டாட்சியர் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு ராசிபுரம் போய்விடுவது என்று முடிவு செய்தோம்.